கரையிலிருந்து ஊம் எல் ஃபரூத்: 36 மீட்டர் ஆழக் கப்பலுக்கு ஒரு திட்டம்

ஆழத்தில் கிடக்கும் கப்பலுக்குப் படகில் போய் இறங்குவது ஒரு வகை. படகு கப்பலுக்கு நேர் மேலே நிற்கும். கீழே என்ன நடந்தாலும் முறையாக மேலே வந்துவிட்டால் ஏணியைப் பிடித்துக்கொள்ளலாம். கரையிலிருந்து நீந்திப் போய் இறங்குவது வேறு வகை. மேலே வந்த பிறகும் பாதி வழி பாக்கி இருக்கும். அந்தப் பாதி வழிக்கான காற்றையும் போகும்போதே முதுகில் சுமந்துகொண்டு போக வேண்டும். மால்ட்டாவின் தென்மேற்குக் கரையில் கிடக்கும் ஊம் எல் ஃபரூத் என்ற எண்ணெய்க் கப்பலுக்கு நானும் என் டைவ் கூட்டாளியும் போட்ட திட்டத்தையும், அது கடலில் எப்படி நடந்தது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இருவரும் ட்வின் செட் (முதுகில் இணைத்து மாட்டும் இரண்டு சிலிண்டர்கள்), நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று), டெகோ (உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, மேலேறும்போது நின்று நின்று வருவது) ஆகியவற்றில் முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள். இதிலுள்ள எண்கள் எங்கள் சிலிண்டருக்கும் எங்கள் மூச்சுக்கும் போட்டவை. கணக்குப் போடும் வழியை எடுத்துக்கொள்ளுங்கள், எண்களை அப்படியே எடுக்க வேண்டாம்.

முதலில் கப்பலைப் பற்றி. 1969-இல் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் ஸ்மித்ஸ் டாக் தளத்தில் கட்டியது. லிபியாவுக்குச் சொந்தம். இத்தாலிக்கும் லிபியாவுக்கும் நடுவே சுத்திகரித்த எரிபொருள் ஏற்றி ஓடியது. நீளம் கிட்டத்தட்ட 110 மீட்டர். 1995 பிப்ரவரி 3 இரவு மால்ட்டா டிரைடாக்ஸ் என்ற கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் நின்றிருந்தபோது நடு டேங்க் ஒன்று வெடித்தது. தளத் தொழிலாளர்கள் ஒன்பது பேர் இறந்துபோனார்கள். வெடிப்பில் கப்பலின் உடல் உருக்குலைந்து, இனி ஓட்ட முடியாது என்று கைவிட்டார்கள். மூன்று வருடம் துறைமுகத்திலேயே கிடந்தது. கடைசியில் 1998 செப்டம்பர் 2 அன்று வீட் இஸ்-ஸுர்ரீக் என்ற சிறிய கடற்சந்துக்கு வெளியே இழுத்து வந்து, மீன்கள் அண்டும் செயற்கைத் திட்டாக மூழ்கடித்தார்கள். மணல் தரையில், 36 மீட்டரில், நேராக உட்கார்ந்திருக்கிறது. மேல்தளம் 25 மீட்டரை ஒட்டி. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜின் உச்சி சுமார் 18 மீட்டரில். 2005-06 குளிர்காலப் புயலில் நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது.

என் கூட்டாளி தூத்துக்குடிக்காரர், கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் முப்பது வருடமாக இருப்பவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இந்தக் கப்பலின் பேச்சு எடுத்தாலே அவர் குரல் தணிந்துவிடும். "காலி டேங்க்தான் தம்பி பயம். நெறஞ்ச டேங்க்ல ஆவி தங்க எடமே இருக்காது. காலி டேங்க்லதான் ஆவியும் காத்தும் கலந்து நிக்கும். உள்ள போய் நெருப்பு வேலை பாக்கறவனுக்கு அது கண்ணுக்குத் தெரியாது." அந்த ஒன்பது பேரும் தன் தொழிலைச் செய்தவர்கள் என்பதால், அங்கே சும்மா படம் எடுக்கப் போவதுபோலப் போகக் கூடாது என்பது அவருடைய முதல் நிபந்தனை. எதையும் தொட்டு எடுப்பதில்லை, இந்தமுறை உள்ளே நுழைவதும் இல்லை என்று அப்போதே முடிவானது. என்ஜின் அறைக்கும் தங்கும் அறைகளுக்கும் வழி இருக்கிறதுதான். ஆனால் கூரைக்குக் கீழே போவதென்றால் அது தனி டைவ், அதற்குத் தனிக் கணக்கு.

இனி இடம். வீட் இஸ்-ஸுர்ரீக் என்பது இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே கடல் நுழைந்து நிற்கும் ஒரு சந்து. மேலே 1638-இல் கட்டிய ஷூட்டு காவல் கோபுரம், எதிரே கடலில் ஃபில்ஃப்லா தீவு. புளூ குரோட்டோ குகைகளைச் சுற்றிக்காட்டும் படகுகள் நாள் முழுக்க இந்தச் சந்து வழியாகத்தான் போய் வரும். வண்டியை மேலே விட்டுவிட்டு, சரிவான பாதையில் ட்வின் செட்டைச் சுமந்து இறங்க வேண்டும். இரண்டு 12 லிட்டர் இரும்பு சிலிண்டர்கள், அவற்றை இணைக்கும் மேனிஃபோல்ட், பின்தகடு, விங் என்ற மிதப்புப் பை எல்லாம் சேர்ந்து நாற்பது கிலோவை நெருங்கும். இறங்கும்போது அது பெரிதாகத் தெரியாது. ஆழமான டைவ் முடித்து, உடம்பில் நைட்ரஜன் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதே எடையோடு ஏறுவதுதான் கெடுதல். அதனால் திரும்பி வந்ததும் செட்டைக் கரையிலேயே கழற்றிவிட்டு, அரைமணி நேரம் கழித்துத் தனித்தனியாக மேலே கொண்டுபோவது என்று எழுதிக்கொண்டோம்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது வெளியேறும் வழி. இந்தச் சந்தை விட்டால் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. பக்கத்தில் ஏறிக்கொள்ள வேறு இடமில்லை. ஒரே வாசல் உள்ள வீடு மாதிரி. உள்ளே போகும்போது திறந்திருந்த வாசல் ஒருமணி நேரம் கழித்தும் திறந்திருக்குமா என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். மால்ட்டாவில் அதிகம் வீசுவது வடமேற்கிலிருந்து வரும் மயிஸ்த்ரால். வடகிழக்கிலிருந்து வருவது கிரிகால். தென்கிழக்கிலிருந்து ஷ்லொக், தென்மேற்கிலிருந்து லிபிச். நம் ஊர்க் கரையில் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லித்தான் கடலுக்குப் போவார்கள். இங்கேயும் அதே கதைதான். வடக்கிலிருந்து வரும் காற்று என்றால் தீவே மறைப்பாக நின்று இந்தக் கரையைக் காக்கும். தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வந்தால் அலை நேராகச் சந்துக்குள் புகுந்து, குறுகிய இடத்தில் உயர்ந்து, படிக்கட்டில் ஏறி உடையும். காற்று நின்ற பிறகும் அந்த அலை உடனே அடங்காது. ஆகவே டைவ் அன்றைக்கான காற்றை மட்டும் பார்த்தால் போதாது. முந்தின இரண்டு நாளும் எந்தப் பக்கக் காற்று என்று பார்க்க வேண்டும், டைவ் முடிந்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகு என்ன வரப்போகிறது என்றும் பார்க்க வேண்டும். எங்கள் விதி எளிமையானது: இந்த மூன்றில் ஒன்றிலாவது லிபிச் இருந்தால் டைவ் கிடையாது.

காற்றுக் கலவைக்கு வருவோம். 36 மீட்டரில் மொத்த அழுத்தம் 4.6 பார் (கடலின் மேல்பரப்பில் அது 1 பார்). பலரும் கையில் எடுக்கும் 32 விழுக்காடு நைட்ராக்ஸ், ஆக்சிஜன் பகுதி அழுத்தம் (அதில் ஆக்சிஜனின் பங்கு; கூடினால் அதுவே நஞ்சு) 1.4 பார் என்ற வரம்பில் 33 மீட்டர் சொச்சத்தோடு நின்றுவிடுகிறது. மேல்தளத்துக்கு அது அருமையான கலவை. மணல் தரைக்கு ஆகாது. சுக்கானையும் ப்ரொப்பெல்லரையும் பார்க்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை, அவை தரையை ஒட்டி இருக்கின்றன. ஆகவே 28 விழுக்காடு. அதன் வரம்பு சரியாக 40 மீட்டர். தவறி மணலில் இறங்கினாலும் 1.29-தான் வரும். நாங்கள் திட்டமிட்ட 34 மீட்டரில் நைட்ரஜன் கணக்குக்கு அது சாதாரணக் காற்றில் 30 மீட்டரில் இருப்பதற்குச் சமம். சில பயிற்சிப் பள்ளிகள் 30 மீட்டருக்குக் கீழே போனாலே ஹீலியம் சேர்க்கச் சொல்கின்றன. ஆழத்தில் நைட்ரஜன் தரும் மயக்கத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நைட்ராக்ஸ் அந்த மந்தத்தைக் குறைக்கும் என்று நம்பி இறங்குவது சரியல்ல. நாங்கள் ஹீலியம் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக 34 மீட்டரில் யோசிக்க வேண்டிய வேலை எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அங்கே செய்ய வேண்டியது இரண்டே இரண்டு: அழுத்தமானியைப் பார்ப்பது, ஸ்லேட்டில் (நீருக்கடியில் எடுத்துப்போகும் எழுதுபலகை) ஏற்கெனவே எழுதிய எண்ணோடு ஒப்பிடுவது.

இப்போது முக்கியமான கணக்கு. ஆழத்தில் ஒருவருக்குக் காற்று முழுவதும் போய்விட்டது, இருவரும் ஒருவருடைய சிலிண்டரிலிருந்தே மூச்சு விட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். அந்த நிலைமைக்கு எவ்வளவு காற்று ஒதுக்கி வைக்க வேண்டும்?

படகு டைவ் என்றால் இப்படி: பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பார், இருவருக்கு 60. இதை அந்த ஆழத்தின் அழுத்தத்தாலும் நிமிடத்தாலும் பெருக்க வேண்டும். பிரச்சினையைச் சமாளிக்க 34 மீட்டரில் ஒரு நிமிடம், 4.4 பாரில் 264 லிட்டர். அங்கிருந்து 5 மீட்டர்வரை மூன்று நிமிட ஏற்றம், சராசரி 20 மீட்டர், 540 லிட்டர். அங்கே மூன்று நிமிட நிறுத்தம், கொஞ்சம் நிதானமாகி இருவருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 50 லிட்டர் என்று வைத்தால் 225. மொத்தம் 1029 லிட்டர். ஒற்றை 12 லிட்டர் சிலிண்டரில் இது 86 பார். சிரமம்தான், ஆனாலும் முடியும்.

கரை டைவில் அதே பிரச்சினை அதே இடத்தில் வந்தால்? ஒரு நிமிடம் 264. பிரிட்ஜ் உச்சியான 18 மீட்டர்வரை இரண்டு நிமிட ஏற்றம், 432. அங்கிருந்து படிப்படியாக ஏறிக்கொண்டே கரைக்கு 12 நிமிட நீச்சல், சராசரி 10 மீட்டர், 1200 லிட்டர். சந்துக்குள் 5 மீட்டரில் ஐந்து நிமிட நிறுத்தம், 375. மொத்தம் 2271 லிட்டர். இரண்டு மடங்குக்கும் மேல். ஒற்றை 12 லிட்டர் சிலிண்டரில் இது 189 பார். அதாவது 200 பாரோடு இறங்குபவர் கப்பலைப் பார்ப்பதற்கு முன்பே திரும்ப வேண்டும். ட்வின் செட்டில் 24 லிட்டர் கொள்ளளவுக்கு இது 95 பார். நாங்கள் 100 என்று எழுதினோம். கப்பலில் எங்கே இருந்தாலும், யாருடைய மானி முதலில் 100-ஐத் தொட்டாலும், அந்தக் கணமே திரும்புவது.

ஒற்றை சிலிண்டரோடு இந்தக் கப்பலுக்குக் கரையிலிருந்து தினமும் ஆட்கள் போய் வருகிறார்களே என்று கேட்கலாம். போகிறார்கள். அவசரம் வந்தால் நேராக மேலே ஏறி, கடலின் மேல்பரப்பில் நீந்தி வருவது அவர்கள் திட்டம். கடல் அமைதியாக இருக்கும் நாளில் அது செல்லும். நாங்களும் அதை மாற்றுத் திட்டமாக வைத்திருந்தோம். ஆனால் ஆழத்திலிருந்து வேகமாக ஏறி வந்த ஒருவரை, சுற்றுலாப் படகுகள் ஓடும் தடத்தில், அலையில், 150 மீட்டர் இழுத்துக்கொண்டு வருவது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அதை முதல் திட்டமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பன்னிரண்டு நிமிடம் என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. அதற்காகத் தனியாக ஒரு ஒத்திகை டைவ் செய்தோம். பிரிட்ஜ் உச்சிக்குக் கீழே இறங்குவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு போய், அங்கிருந்து நேரத்தைக் குறித்துக்கொண்டு திரும்பினோம். அமைதியான நாளில், அவசரமில்லாத உதைப்பில், பத்து நிமிடம் ஆனது. திரும்பும் வழியில் பாதித் தூரத்துக்கு அண்ணன் என்னுடைய நீண்ட குழாயிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேர் ஒரே குழாயில் பக்கத்தில் பக்கத்தில் நீந்தும்போது வேகம் குறைகிறது. அதற்காக இரண்டு நிமிடம் கூட்டினோம். மூச்சுக் கணக்கும் அன்றே எடுத்தது: மேல்பரப்பு அளவில் எனக்கு நிமிடத்துக்கு 17 லிட்டர், அண்ணனுக்கு 19. திட்டத்துக்கு ஆளுக்கு 20. எதிர்நீரோட்டம் இருந்தால் இந்த எண்கள் செல்லாது என்பதையும் ஸ்லேட்டில் எழுதினோம்.

வழியையும் அன்றே பிடித்துக்கொண்டோம். கரையில் நின்று திசைகாட்டியில் கோணம் எடுத்தோம். ஆனால் முழுக்க அதை நம்பவில்லை. சந்தின் சுவர் முடியும் இடம், பொசிடோனியா என்ற கடற்புல் வெளி தொடங்கும் இடம், அது அறுந்து தரை சட்டென்று கீழே விழும் விளிம்பு என்று ஒவ்வொன்றையும் வரிசையாக மனதில் பதித்துக்கொண்டோம். அந்த விளிம்பில் ஒரு வெளிறிய பாறை தனியாக நிற்கிறது. திரும்பும்போது நாங்கள் தேட வேண்டியது அதுதான். போகும்போது ஒவ்வோர் அடையாளத்திலும் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தோம். வரும்போது தெரியப்போகும் முகம் வேறு என்பது கடலில் மிகவும் உண்மை.

கடைசியாக ஸ்லேட்டில் இருந்தது இவ்வளவுதான்:

நீச்சல், 9 மீட்டர், 10 நிமிடம்: 380 லிட்டர்.
இறக்கம், 2 நிமிடம்: 120.
பின்பக்கம், 34 மீட்டர், 8 நிமிடம்: 704.
மேல்தளம், 25 மீட்டர், 10 நிமிடம்: 700.
பிரிட்ஜ், 18 மீட்டர், 4 நிமிடம்: 224.
திரும்பும் நீச்சல், 12 நிமிடம்: 480.
நிறுத்தம், 5 முதல் 6 மீட்டர், 8 நிமிடம்: 256.
மொத்தம் 54 நிமிடம், 2864 லிட்டர். 200 பாரில் தொடங்கினால் 80 பார் மீதம்.

டெகோ மென்பொருள் கேட்ட கட்டாய நிறுத்தம் சில நிமிடம்தான். எட்டு நிமிடம் என்பது நாங்களாகச் சேர்த்த தாராளம். சந்துக்குள் சுவர் ஓரமாக நிற்பதால் அந்த நேரம் ஒரு சுமையாகவும் இருக்காது.

கரையில் அண்ணி இருந்தார். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கரை டைவில் படகோட்டி இல்லை. நீங்கள் வரவில்லை என்பதைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். அவர் கையில் ஒரு தாள்: இறங்கிய நேரம், 54-ஆவது நிமிடத்தில் மேலே வருவோம், 70 ஆகியும் வரவில்லை என்றால் 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு. ஆக்சிஜன் பெட்டி வண்டியில் இல்லை, அவர் காலடியில். உயர் அழுத்தச் சிகிச்சை அறை ம்ஸீடாவின் மாட்டர் டெய் மருத்துவமனையில் இருக்கிறது என்பதும் அதே தாளில். அவருக்கு டைவிங் தெரியாது. ஆனால் தாளில் எழுதியதை இம்மியும் மாற்றமாட்டார். இந்த வேலைக்கு அதுதான் வேண்டும்.

முதலில் குறித்த நாளில் இறங்கவில்லை. அன்று காலை வடமேற்குக் காற்று, வானிலைக் கணிப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டு நாள் முன்பு அடித்த லிபிச்சின் மிச்ச அலை சந்துக்குள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. நீண்ட இடைவெளி, உயரம் அதிகமில்லை. பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தது. அண்ணன் படிக்கட்டின் கடைசி இரண்டு படிகளைக் காட்டினார். ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்தோம். நடுநடுவே வரிசையாக மூன்று அலைகள் பெரிதாக வந்து அந்தப் படிகளை முழுக்க மூடிவிட்டு இறங்கின. "எறங்கறது பெருசில்ல தம்பி. நாப்பது கிலோவோட அந்த மூணாவது அலையில ஏறணும்ல" என்றார். சிலிண்டர்களை வண்டியில் ஏற்றிவிட்டு, மேலே தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

மே மாதக் கடைசியில் கிரிகால் மூன்று நாள் தொடர்ந்து மெதுவாக வீசியது. தெற்குக் கரை குளம்போலக் கிடந்தது. சுற்றுலாப் படகுகள் ஓடத் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும் என்று விடிந்ததும் போய்விட்டோம். கலவையை அங்கேயே மறுபடி அளந்தோம், கடையில் அளந்த சீட்டு ஒட்டியிருந்தாலும். இருவரும் அடுத்தவர் சிலிண்டரை அளந்து, வாய்விட்டுப் படித்து, நாடாவில் எழுதினோம். வால்வுகள் எல்லாம் முழுக்கத் திறந்திருக்கின்றனவா என்று கைவைத்துப் பார்த்தோம். குமிழி பார்க்கும் சோதனையைச் சந்துக்குள்ளேயே மூன்று மீட்டரில் செய்தோம். அங்கே கசிவு தெரிந்தால் வீட்டுக்குப் போகலாம். 34 மீட்டரில் தெரிந்தால் அது வேறு விஷயம்.

தண்ணீர் 19 டிகிரி. சுவர் ஓரமாகவே போய், புல்வெளிக்கு மேலே ஒன்பது மீட்டரில் நிதானமாக நீந்தினோம். விளிம்பில் ஒரு நிமிடம் உதைக்காமல் நிற்பது என்பது எங்கள் நீரோட்டச் சோதனை. அந்த ஒரு நிமிடத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு மேல் நகர்ந்தால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். அன்று நகரவில்லை. புல்லின் நுனிகள் இரண்டு பக்கமும் சமமாக ஆடின. அலையின் அசைவு மட்டும்தான். அண்ணன் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து, சரி என்று காட்டினார். நானும் காட்டினேன்.

விளிம்பைத் தாண்டினால் நீலம் மட்டும். கொஞ்சநேரம் எதையும் பார்க்காமல் திசைகாட்டியை மட்டும் பார்த்து நீந்த வேண்டியிருக்கும். பிறகு அந்த நீலத்தின் ஒரு பகுதி மற்றதைவிடக் கருமையாகிறது. அது விரிந்துகொண்டே போய், கண்ணுக்கு முன்னால் ஒரு கப்பலின் மேற்கட்டுமானம் முழுதாக நின்றது. புகைபோக்கி, பிரிட்ஜ், கைப்பிடிக் கம்பிகள். மேலே பர்ராகுடா கூட்டம் ஒன்று ஒரே திசையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நாங்கள் நிற்கவில்லை, பின்பக்கத்துக்கு நேராக இறங்கினோம். ஆழமான பகுதியை முதலில் முடித்துவிட்டுப் படிப்படியாக மேலேறி வருவதுதான் இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு. 34 மீட்டரில் நிறுத்தினேன். தலைக்குமேல் கப்பலின் பின்புறம் ஒரு மாடிக் கட்டடம்போல வளைந்து நின்றது. ப்ரொப்பெல்லரின் இதழ்கள் ஒவ்வொன்றும் பெரிதாகத் தெரிந்தன. அண்ணன் சுக்கானின் மேல் விளக்கைச் செலுத்தி, அதன் அச்சிலிருந்து கீழ் விளிம்புவரை ஒளியை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். உலர்தளத்தில் நிற்கும் கப்பலுக்கு அவர் தினமும் செய்யும் வேலையே அதுதான். அந்த நேரத்தில் எனக்கு மந்தம் தெரியத் தொடங்கியது. மானியில் 155 என்று படித்தேன். அது நல்லதா கெட்டதா என்பது உடனே தோன்றவில்லை. ஸ்லேட்டைப் பார்த்தேன். இந்தக் கட்டத்தின் முடிவுக்கு 150 என்று எழுதியிருந்தது. சரி. கீழே யோசிக்காமல் மேலேயே யோசித்து எழுதி வைப்பது இந்த ஒரு நொடிக்காகத்தான். ஏழாவது நிமிடத்திலேயே அண்ணன், மேலேறுவோம் என்று கட்டைவிரலை உயர்த்தினார். எட்டு என்பது வரம்புதானே. கிளம்பினோம்.

25 மீட்டருக்கு வந்ததும் தலை தெளிந்தது. மேல்தளத்தில் குழாய்கள், வால்வுச் சக்கரங்கள், டேங்க் மூடிகள். அண்ணன் ஒவ்வொரு மூடிக்கு மேலும் ஒரு நொடி நின்று நகர்ந்தார். எல்லா இரும்பின் மேலும் பாசியும் கடற்பஞ்சும் படர்ந்திருந்தன. ஆரஞ்சு நிறத்தில் நெருப்புப் புழுக்கள் அங்கங்கே. அவற்றின் வெள்ளை மயிர் தோலில் குத்தினால் மணிக்கணக்கில் எரியும். கையுறை இருந்தாலும் நாங்கள் எதையும் பிடிக்கவில்லை. பிளவுவரை போகவில்லை. பத்து நிமிடத்தில் அதற்கு இடமில்லை என்பது முன்பே தெரிந்ததுதான்.

பிரிட்ஜ் பக்கம் அந்த ஒன்பது தொழிலாளர்களுக்கான நினைவுத் தகடு இருக்கிறது. திட்டத்தில் பிரிட்ஜுக்கு ஒதுக்கிய நான்கு நிமிடத்தில் இரண்டை அங்கேயே செலவழித்தோம். அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு, ஃபின் அசைக்காமல், மிதந்தபடி நின்றார். அவர் மானி 115 காட்டியபோது திரும்பினோம். நூறுக்கு இன்னும் பதினைந்து இருந்தது. அதைத் தீர்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் வெளிறிய பாறை எதிர்பார்த்த இடத்துக்குச் சற்று வலப்பக்கம் வந்தது. லேசான நீரோட்டம் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தாண்டி, புல்வெளி ஓரம் வந்ததும் மிதவைக் குழலை மேலே அனுப்பினேன். இனி படகுகள் ஓடும் நேரம். எங்களை மேலிருந்து பார்க்க வேண்டும், அண்ணியும் பார்க்க வேண்டும். சந்துக்குள் நுழையும்போது முதல் படகின் இரைச்சல் தலைக்குமேல் போனது. சுவரை ஒட்டி ஐந்து மீட்டரில் நின்றோம். கட்டாய நிறுத்தம் நான்கு நிமிடம், பிறகு நாங்களாகச் சேர்த்த நான்கு. மேலே வந்தபோது 53-ஆவது நிமிடம். அண்ணி தாளில் நேரத்தை எழுதிக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் தலை சுத்தல், மூட்டு வலி எதாவது?" என்று தாளில் இருந்த கேள்வியை அப்படியே கேட்டார். இல்லை என்றோம். எனக்கு 92 பார் மீதம், அண்ணனுக்கு 84. திரும்பும் நீச்சல் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது, ஒத்திகையைவிட ஒன்று அதிகம். செட்டைக் கழற்றிப் பாறையில் சாய்த்துவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். விமானம் ஏறும் வேலை அடுத்த 24 மணி நேரத்துக்கு இருவருக்கும் இல்லை.

அடுத்து கப்பலின் முன்பகுதியான அணியத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார் அண்ணன். அதற்கான கணக்கை அன்று மாலையே போட்டுப் பார்த்தோம். பின்பக்கத்திலிருந்து அணியம்வரை 110 மீட்டர், நிமிடத்துக்கு 15 மீட்டர் வேகத்தில் ஏழு நிமிடம் சொச்சம். போகும்போது 25 மீட்டரில் ஏழு நிமிடத்துக்கு 490 லிட்டர். அதைவிட முக்கியம், அவசரத்தில் இருவரும் பகிர்ந்துகொண்டு 18 மீட்டரில் அதே தூரத்தைத் திரும்பிக் கடக்க இன்னொரு 980 லிட்டர், ட்வின் செட்டில் 41 பார். ஆக, அணியத்தில் திரும்ப வேண்டிய எண் 100 அல்ல, 136, வட்டமாக 140. பின்பக்கத்தைப் பார்க்காமல் நேராக மேல்தளம் வழியாகப் போனாலும் அணியம் சேரும்போது மானியில் 159 பார்தான் இருக்கும். மீதி 19 பாரில், அந்த ஆழத்தில், ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்காகப் போவதா, அல்லது பக்கவாட்டில் ஆளுக்கொரு 11 லிட்டர் சிலிண்டர் மாட்டிக்கொண்டு போவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. கூடுதல் சிலிண்டரோடு அந்தச் சரிவிலும் படிக்கட்டிலும் இறங்கி ஏறுவதை முதலில் தண்ணீருக்குப் போகாமலே ஒருமுறை செய்து பார்க்கப்போகிறோம்.